மூணு தல நாய் படத்தின் இரண்டாம் பாகம்

சித்தி,

பல் விளக்கும்போது உன் நினைவு வந்தது என்று எழுதினால் நீ முதலில் சிரிப்பாய். அப்புறம், "வேற நேரமே கெடைக்கலியாடி ஒனக்கு?" என்று கேட்பாய். ஆனால் அப்படித்தான் நடந்தது. வழக்கமாக வாங்கும் பற்பசை கடையில் தீர்ந்துவிட்டது. கடைக்காரர் வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். வெள்ளைப் பசை, கிராம்பு வாசனை அடிக்கும் பழைய ரகம். விழுப்புரத்தில் நான் தங்கியிருக்கும் அறையில் காலையில் அதன் மூடியைத் திருகியதும் திண்டிவனத்துக் கேபிள் அலுவலகம் அப்படியே வந்து நின்றது. பற்பசை வாசனையில் சினிமா ஞாபகம் வருகிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை. நாம் இரண்டு பேர் இருந்தோம்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே அந்த அறை. இயந்திரங்களுக்காக மட்டும் ஏசி போட்டிருந்தார்கள். மனிதர்கள் உட்காரும் பக்கம் மின்விசிறிதான். சந்தாப் பணம் வாங்குவது, போன் எடுப்பது, ஊர்ச் சேனலில் மதியமும் சாயங்காலமும் படம் போடுவது, இந்த மூன்றும் உன் வேலை. பள்ளி விட்டதும் நான் அங்கே வந்துவிடுவேன். அம்மா துணிக்கடை வேலை முடித்து வரும்வரை உன் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். திண்டிவனம் முழுக்க எந்தப் படத்தைப் பார்க்கப் போகிறது என்பதை நீதான் முடிவு செய்கிறாய் என்பதில் எனக்குப் பெரிய பெருமை. உனக்கு அது பெருமையாகவே தெரியவில்லை. "பேஜாரு புடிச்ச வேலைடி" என்பாய்.

சிடி தட்டுகள் எல்லாம் கீறல் விழுந்தவை. படம் நடுவில் தொங்கிவிடும், திரை கட்டங்கட்டமாக உடையும். உடனே தட்டை வெளியே எடுத்து, வெள்ளைப் பற்பசையைத் தடவி, பழைய பனியன் துணியால் நடுவிலிருந்து வெளியே தேய்த்து, பாவாடையில் ஒரு துடை துடைத்து மறுபடி உள்ளே தள்ளுவாய். அந்த இடைவெளியில் திண்டிவனம் உனக்குப் போன் பண்ணும்.

"எம்மா, கேபிளா? படம் நின்னு போச்சும்மா. நாய் வாயத் தொறந்துக்கினு அப்டியே நிக்குது."

"நிக்கலண்ணா, யோசிக்குது. ரெண்டு நிமிஷம் குடுங்க, யோசிச்சு முடிச்சிட்டு வந்துடும்."

அந்தப் படத்தின் உண்மையான பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. தட்டின் மேல் யாரோ மார்க்கர் பேனாவால் 'நாய்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். ஊர் அதை 'மூணு தல நாய் படம்' என்றது. "இன்னைக்கு மூணு தல நாய் போடும்மா, புள்ள சோறு துன்ன மாட்டேங்குது" என்று கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். கிரேக்கப் புராணக் கதை என்பதெல்லாம் நான் பின்னால் புத்தகங்களில் படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது அது எங்கேயோ நடக்கிற ஒரு ராஜா கதை.

கதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் எழுதிவைக்கிறேன், வேறு யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு வேண்டும். ஒரு நாட்டில் மழை நின்றுபோகிறது. மழையை வரவழைக்கும் சங்கு ஒன்று இருக்கிறது. அது எங்கே ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது என்பது ராணிக்கு மட்டுமே தெரியும். ராணியோ, மகன் பிறந்த அன்றே செத்துப்போனவள். வளர்ந்த மகன் அவளைத் தேடி இறந்தவர்களின் நாட்டுக்குப் போகிறான். நடுவில் கறுப்பு ஆறு, அதில் ஒரு படகுக்காரன், அக்கரையில் காவலுக்கு மூன்று தலை நாய். எல்லாவற்றையும் தாண்டி, முகமே பார்த்திராத அம்மாவைப் பார்க்கிறான். அவள் சங்கு இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டு, ஆற்றங்கரை வரை கூடவே வந்து வழியனுப்புகிறாள். படகில் உயிருள்ளவர் மட்டும்தான் ஏற முடியும். அவன் திரும்பி வந்து சங்கை ஊதுகிறான், மழை பெய்கிறது. முடிந்தது.

ஆங்கிலத்தின் மேல் ஒட்டிய தமிழ்க் குரல்தான் அந்தப் படத்துக்கு உயிர். சாமிகள் எல்லாம் மேடை நாடகத் தமிழ் பேசுவார்கள். படகுக்காரன் மட்டும், "இன்னாபா, சில்ற கீதா? இல்லன்னா நீஞ்சிக்கினு போ" என்பான். அந்த இடம் வந்ததும் கீழே ஜெராக்ஸ் கடையில் சிரிப்பது நமக்கு மேலே கேட்கும்.

நாயின் நடையை நீ புரிந்துகொண்ட விதத்தைத்தான் நான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அது பொம்மை. ஒரு ஆள் உட்கார்ந்து, காலைக் கொஞ்சம் நகர்த்திப் படம் எடுத்து, மறுபடி கொஞ்சம் நகர்த்தி எடுத்தது. அதனால் அதன் நடையில் ஒவ்வொரு அடிக்கும் நடுவில் ஒரு சின்னத் தயக்கம் இருக்கும். எனக்கு அது குறையாகத் தெரிந்தது. "விட்டு விட்டு நடக்குது சித்தி, தட்டு சரியில்ல" என்றேன்.

"தட்டு நல்லாத்தான் கீது. மூணு தல இருக்கு இல்ல? மூணும் ஒண்ணோட ஒண்ணு கலந்து பேசிக்கினுதான் ஒரு அடி வெக்கும். ஒரு தல ஒத்துக்கலன்னா கால் எப்டி எழும்பும்?"

பிறகு நான் சினிமாவைப் பற்றி எவ்வளவோ படித்தேன். அந்த நடையைப் பற்றி உன்னைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் பார்க்கவில்லை. இதைப் புகழ்ச்சிக்காகச் சொல்லவில்லை. பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் உனக்கு அந்தப் படத்தில் முக்கியம் நாய் இல்லை. ஆற்றங்கரை.

ராணி மகனின் கன்னத்தில் கை வைக்கிறாள். "போயிட்டு..." என்கிறாள். அப்படியே திரும்பி இருட்டுக்குள் நடக்கிறாள். முதுகு மட்டும் தெரிகிறது. "...வர்றேன், கண்ணு" என்று குரல் வருகிறது. அந்த இடத்தில் நீ போனை எடுக்க மாட்டாய். மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

"கேட்ட இல்ல? வர்றேன்னு சொல்லிட்டுப் போறா," என்றாய் ஒருநாள். "ஆனா படம் முடியற வரைக்கும் வரல. அப்பன்னா ரெண்டாம் பாகம் இருக்கு."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சொல்லிவிட்டுப் போனவள் வர வேண்டும் இல்லையா? நாம் இருவரும் இரண்டாம் பாகத்துக்குக் காத்திருக்க ஆரம்பித்தோம். புதுச்சேரிக்குப் போனால் தட்டு விற்கும் கடைகளில் கேட்பாய். சென்னைக்குப் போகும் முதலாளியிடமும் சொல்லிவிடுவாய். அவர் ஒருமுறை, "இந்தா, நீ கேட்ட நாய் படம், பார்ட் டூ" என்று ஒரு தட்டைக் கொண்டுவந்து போட்டார். ஆசையாகப் போட்டுப் பார்த்தோம். வெளிநாட்டு வீடு ஒன்றில் ஒரு குட்டி நாய் சோபாவில் உட்கார்ந்து தமிழில் ஜோக் அடித்துக்கொண்டிருந்தது.

"ஒரு தலதான் கீது" என்றேன்.

"மீதி ரெண்டும் மொத பாகத்துல செத்துப்போச்சு போல" என்று சொல்லிவிட்டு அதையே அன்று மதியப் படமாக ஊருக்குப் போட்டாய். ஊருக்கு அதுவும் பிடித்திருந்தது.

நீ ஏன் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாய் என்பதை அம்மாதான் எனக்குச் சொன்னாள், நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு. உங்கள் இருவரின் அம்மாவை, என் பாட்டியை, நான் பார்த்ததில்லை. நீ பள்ளியில் சேர்வதற்கு முன்பே அவர்கள் வயிற்றுவலி என்று ஒலக்கூர் பஸ் நிறுத்தத்தில் புதுச்சேரிக்கு பஸ் ஏறினார்களாம். ஜன்னல் வழியாக உன்னிடம் "போயிட்டு வர்றேன், கண்ணு" என்றார்களாம். அவ்வளவுதான் விஷயம். வரவில்லை. "அவ அதுக்கப்புறம் ரொம்ப நாளு சாயங்காலமானா அந்த ஸ்டாப்புல போய் நின்னுக்குவா. நான்தான் போய் இழுத்துக்கினு வருவேன்" என்றாள் அம்மா. நீ இதை என்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை. நானும் எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொண்டதில்லை.

ஊர்ச் சேனல் நின்றது. வீட்டுக்கு வீடு புது செட்டாப் பெட்டி வந்தது. படம் போட ஆள் தேவையில்லை என்றார்கள். நீ அதே கட்டடத்தில் கீழே ரீசார்ஜ் கடைக்கு வந்தாய். கல்யாணப் பேச்சு எடுத்தவர்கள் எல்லோரும் எடுத்துக் களைத்துப் போனார்கள். நான் படித்து, விழுப்புரத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பேன், திங்கட்கிழமை காலை ரயில். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "வர்றேம்மா, வர்றேன் சித்தி" என்பேன். நீ உள்ளேயிருந்து, "வா, வா" என்பாய். ஒரு திங்கட்கிழமை அவசரத்தில் "நான் போறேன்" என்று சொல்லிவிட்டேன். நீ கையில் கரண்டியோடு தெருமுனை வரை ஓடிவந்தாய். "எங்கடி போற? ஒழுங்கா சொல்லிட்டுப் போ." ஆட்டோக்காரர்கள் எல்லாம் பார்த்தார்கள். நான் ஒழுங்காகச் சொல்லிவிட்டுப் போனேன்.

பிறகு உன் காலில் நரம்புக் கோளாறு வந்தது. மருத்துவர்கள் ஒரு பெயர் சொன்னார்கள், எழுதவே கஷ்டமான பெயர். சமையலறையிலிருந்து கூடத்துக்கு வர உனக்கு நேரமாகும். ஒரு அடி, நிற்பது, மறுபடி ஒரு அடி. நான் கை கொடுக்க எழுந்தால் உட்கார் என்று சைகை காட்டுவாய்.

"உடு. கலந்து பேசிக்கினு இருக்கேன்."

அந்தச் சமயத்தில்தான் அந்தப் படத்தின் மறு ஆக்கம் வரப்போகிறது என்ற செய்தி வந்தது. பெரிய நிறுவனம், பெரிய நடிகர்கள், புது நாய். முன்னோட்டத்தை என் போனில் உனக்குக் காட்டினேன்.

"சித்தி, ஒன் மூணு தல நாய் படத்த திரும்ப எடுத்திருக்காங்க."

"ரெண்டாம் பாகமா?"

"இல்ல. அதே கதையத்தான்."

"அதே கதைய எதுக்குடி திரும்ப எடுக்குறான்? பாக்கி இருக்கிற கதைய எடுக்க வேண்டியதுதான?"

"பாக்கி ஒண்ணும் இல்ல சித்தி. கதை அவ்ளோதான்."

"போடி. வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா."

போனை வாங்கி மறுபடி ஒருமுறை பார்த்தாய். நாய் பாய்ந்துவரும் இடத்தில் முகத்தைச் சுளித்தாய். "வந்ததும் கூட்டிக்கினு போ. நான் வர முடியலன்னா நீ பாத்துட்டு வந்து சொல்லு. அந்தம்மா வந்தாளா இல்லியா, அதான் வோணும். நாய் எப்டி நடக்குதுன்னும் பாரு."

சரி என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னேன். படம் வருவதற்குள் மூச்சுக்குழாயில் சளி கட்டி உன்னை மருத்துவமனையில் சேர்த்தோம்.

அங்கே நடந்ததில் ஒன்றை மட்டும் எழுதுகிறேன். உன்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். காலை நேரம், வராந்தாவில் வெயில் விழுந்திருந்தது. உன் மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் முகமூடி. தள்ளுபடுக்கையில் உன் தலைக்குப் பக்கத்தில் அம்மா, கால்மாட்டில் நான். லிஃப்டுக்குள் உன் தலைப்பக்கம் முதலில் போனது. நீ கையைக் கொஞ்சம் தூக்கினாய். "போயிட்டு..." என்று முகமூடிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "ஆள் ஏறாதீங்க, படிக்கட்டுல வாங்க" என்றார் தள்ளிக்கொண்டு போனவர். கதவு மூடிக்கொண்டது. நாங்கள் படியேறிப் போனபோது உன்னை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். அதற்குப் பிறகு நீ பேசவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா ஒரே மாதிரிச் சொன்னாள். "நல்லா தெளிவா, 'போயிட்டு வர்றேங்க்கா'ன்னு சொல்லிட்டுத்தான் உள்ள போனா." நான் அதே லிஃப்டுக்கு முன்னால்தான் நின்றிருந்தேன். எனக்குப் பாதிதான் கேட்டது. மூலத்தில் இல்லாத சொல் அச்சில் இருந்தால் அடிப்பது என் தொழில். அம்மா ஒவ்வொருமுறை சொல்லும்போதும் என் மனசு அந்த இரண்டாவது சொல்லின் மேல் ஒரு கோடு போட்டது.

மூன்றாம் நாள் எனக்கு வேலைக்குப் போக வேண்டியிருந்தது. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, செருப்பு மாட்டியபடியே, பழக்கத்தில், "வர்றேன் சித்தி" என்று சொல்லிவிட்டேன். கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒலக்கூர்ப் பாட்டி, அம்மாவின் பெரியம்மா, தலையில் அடித்துக்கொண்டார்கள்.

"ஐயையோ! எழவு வூட்ல போய் வர்றேங்குறா பாரு. திரும்பவும் ஒரு எழவுக்கு வரவா? படிச்ச பொண்ணுக்கு இதுகூடத் தெரியல. சொல்லாத போடி."

எனக்குத் தெரியும். துக்க வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை. எழுந்து, தலையைக் குனிந்து, வெளியே நடந்துவிட வேண்டும். மற்ற எல்லா நாளும் சொல்லாமல் போகக் கூடாது, அன்று ஒரு நாள் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. வாய் அந்த வித்தியாசத்தை மறந்துவிட்டது.

அம்மா சுவரில் சாய்ந்தபடி, "உடு பெரிம்மா. அவ வூட்டுக்கிட்டயா சொன்னா? சித்திக்கிட்டதான சொன்னா" என்றாள். நான் நடந்துவிட்டேன்.

படம் வந்தது. விழுப்புரத்தில் ஒரு பகல் காட்சிக்குப் போனேன், தனியாக. ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரம். வாசலில் முப்பரிமாணக் கண்ணாடி கொடுத்தார்கள். அரங்கில் பாதி இருக்கைகள் காலி. பக்கத்தில் ஒரு அம்மாவும் சின்னப் பெண்ணும். நான் பார்க்க வந்தது இரண்டு விஷயங்களை. மற்றதில் என் கவனம் அதிகம் போகவில்லை. கவனம் போன இடத்தில் படம் மோசம் என்று சொல்ல முடியாது. கடல் அழகாக இருந்தது. அரண்மனைகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை இருந்தன.

படகுக்காரன் இப்போது சிரிப்பு நடிகன். போன வருஷம் ஊரெல்லாம் சொல்லித் தேய்ந்துபோன ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காகச் சற்று நிறுத்தினான். யாரும் தட்டவில்லை. நாயகன் நாயைப் பார்த்ததும், "ப்ரோ, மூணு பேருக்கும் தனித்தனியா பிஸ்கட்டா?" என்றான். நாய் வந்தது. ஒவ்வொரு மயிரும் தனியாகத் தெரிந்தது. எச்சில் நம் முகத்துக்கு நேராகத் தெறித்தது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் குனிந்து சிரித்தார்கள். தண்ணீர் ஓடுவதுபோல ஓடியது அது. சுவரில் ஏறியது, பாய்ந்தது, திரும்பியது. நான் காத்திருந்தேன். ஒரு இடத்தில்கூட அது நின்று யோசிக்கவில்லை. மூன்று தலைக்கும் சேர்த்து ஒரே மூளை. அதுவும் எங்கோ தூரத்தில் ஒரு கணினிக்குள் இருந்தது.

அப்புறம் ராணி. கவசம் போட்டிருந்தாள். மகனுக்கும் அவளுக்கும் ஒரே வயது மாதிரி இருந்தது. இருவரும் சேர்ந்து சண்டை போட்டுக்கொண்டே ஆற்றங்கரைக்கு வந்தார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உயிருள்ளவர் மட்டும்தான் ஏறலாம் என்று படகுக்காரன் சொன்னான். நாயகன் ஒளிவிடும் வாளால் படகின் முகப்பை வெட்டினான். வெளிச்சம் வெடித்தது. ஆறு இரண்டாகப் பிளந்தது. மயங்கி விழுந்த அம்மாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தான். அவள் கண் விழித்தாள். மழை பெய்தது. சங்கை ஊதக்கூட இல்லை.

வந்துவிட்டாள், சித்தி. நீ அவ்வளவு வருஷம் காத்திருந்தது என் கண் முன்னால் நடந்தது, முப்பரிமாணத்தில். எனக்குள் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தேன். அசையவில்லை. அவள் வருகிறேன் என்று யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொல்லாமல் வந்தவளை எப்படி வரவேற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பக்கத்து இருக்கைப் பெண் கண்ணாடியைக் கழற்றினாள். "முடிஞ்சிடுச்சாம்மா?"

"முடிஞ்சிடுச்சு. அதான் அவுங்கம்மா திரும்பி வந்துட்டாங்க இல்ல. எந்திரி, ஜல்தி, காணைக்குப் போற பஸ்ஸு போயிடும்."

"அவங்க எப்பம்மா போனாங்க?"

"அதெல்லாம் மொதல்லயே போய்ட்டாங்கடி. வா."

பெயர்கள் ஓட ஆரம்பித்தபோதே விளக்கைப் போட்டுவிட்டார்கள். கண்ணாடிகளைப் பெட்டியில் போட்டுவிட்டு எல்லோரும் ஒன்றும் பேசாமல் வெளியே போனார்கள். துக்க வீட்டிலிருந்து போவதுபோல ஒழுங்காகப் போனார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பழைய படத்தைத் தேடினேன். உன் தட்டு பீரோவில் இருக்கிறது, ஆனால் போட்டுப் பார்க்க இயந்திரம் இல்லை. இணையத்தில் ஆங்கிலத்தில் கிடைத்தது. மடிக்கணினியைக் கூடத்தில் வைத்தேன். அம்மா பக்கத்தில் முறத்தை வைத்துக்கொண்டு மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். படத்தைப் பார்க்கவில்லை, அவளுக்கு அது கேட்டுக் கேட்டே மனப்பாடம். நாய் வந்ததும், "இங்கிலீஷ்லயும் அப்டித்தான் விட்டு விட்டு நடக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆற்றங்கரை வந்தது. நான் முதன்முறையாக ராணியின் உதடுகளைப் பார்த்தேன். மகனின் கன்னத்தில் கை வைக்கிறாள். ஒரே ஒரு சொல் சொல்கிறாள். ஆங்கிலத்தில் பிரிவுக்கென்று இருக்கிற சொல். அதில் வருவது பற்றி ஒன்றும் கிடையாது. திரும்புகிறாள், நடக்கிறாள். முதுகு மட்டும். தண்ணீர்ச் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை.

நிறுத்தி, பின்னுக்குத் தள்ளி, மறுபடி பார்த்தேன். அந்த ஒரு சொல்லின் மேல் தமிழில் "போயிட்டு" உட்கார்ந்திருக்கிறது, உதட்டசைவுக்குப் பொருத்தமாக. "வர்றேன், கண்ணு" வந்தது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகு. வாய் தெரியாத இடத்தில் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்பது குரல் கொடுப்பவர்களின் வசதி. சென்னையில் ஏதோ ஒரு கண்ணாடி அறையில் நின்று யாரோ ஒரு பெண் அதைச் சேர்த்திருக்கிறாள். எழுதிக் கொடுத்ததா, அவளாகச் சொன்னதா, தெரியாது. பிள்ளையிடம் "போயிட்டு" என்று ஆரம்பித்துவிட்டு மிச்சத்தைச் சொல்லாமல் விட அவள் வாய்க்கு வரவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் நீ புதுச்சேரிக் கடைகளில் எல்லாம் இரண்டாம் பாகம் கேட்டாய்.

இதை அம்மாவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். மூன்றாம் முறை ஓடவிட்டேன். ராணி அந்த ஒரு சொல்லைச் சொல்லித் திரும்பினாள். தண்ணீர்ச் சத்தம். அம்மா முறத்திலிருந்து தலை தூக்காமல், தொலியை ஊதிக்கொண்டே, "வர்றேன், கண்ணு" என்றாள்.

"அத்த அவ சொல்லலம்மா. இங்கிலீஷ்ல அந்த வார்த்தையே இல்ல. நல்லா கேளு."

"சொல்லாமயா போவா?" அம்மா ஒரு மல்லாட்டையை உடைத்தாள். "ஒனக்குக் காதுல வுழல."

நான் மடிக்கணினியை மூடினேன். ராணியைப் பற்றிச் சொன்னாளா, உன்னைப் பற்றிச் சொன்னாளா என்று அம்மாவிடம் கேட்கவில்லை. லிஃப்டுக் கதவு மூடுவதற்கு முன்னால் உன் தலைப்பக்கம் இருந்தவள் அவள், கால்மாட்டில் நின்றவள் நான். அப்படிப் பார்த்தால் எனக்குக் கேட்காதது அவளுக்குக் கேட்டிருக்கலாம். கேட்காமலும் இருந்திருக்கலாம். அந்தச் சொல்லின் மேல் போட்டிருந்த கோட்டை எடுத்துவிட்டேன். எங்கள் தொழிலில் அதற்கு ஒரு குறி உண்டு: அடித்த சொல்லுக்குக் கீழே புள்ளிகள் வைத்தால், இது இருக்கட்டும் என்று அர்த்தம்.

நீ கேட்ட இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். அந்தம்மா வந்துவிட்டாள்; பார்க்க ஒன்றும் இல்லை. நாய் யோசிக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். "வர்றேம்மா" என்றேன். ஒரு கால் செருப்பை மாட்டிக்கொண்டு, மறு காலைத் தூக்காமல் சற்று நேரம் நின்றுவிட்டு, உள்ளே கூடத்தைப் பார்த்து இன்னொரு முறையும் சொன்னேன், கொஞ்சம் மெதுவாக.

சமையலறையிலிருந்து அம்மா, "வா, வா" என்றாள். யாரிடம் சொன்னேன் என்று கேட்கவில்லை. "ஜல்தி போ. ட்ரெயினு வந்துடும்."